சாம்பல் பத்திரத்தில் இல்லை

நிக்காசியா பெர்டோமோவின் நிலத்துக்குள் செருப்போடு நுழைந்த ஒரே மனிதன் அவளுடைய புருஷன்தான். அதற்கு அவன் பட்ட பாட்டை எங்கள் டினாஹோ ஊரில் இன்றைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். அன்றைக்கு அவளுக்கு எரிந்த வயிற்றைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எனக்கு அது பொறுக்காது, அதனால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த எங்கள் லான்சரோட்டே தீவில் வருஷத்துக்கு நாலு தூறல் விழுந்தால் அதற்குப் பெயர் மழைக்காலம். மற்ற நாளெல்லாம் காற்றுதான். முப்பாட்டன்களின் காலத்தில் மலைகள் வெடித்து ஆறு வருஷம் நெருப்பைக் கக்கின. ஊர் எல்லைவரை வந்த நெருப்புக் குழம்பை எங்கள் எரிமலை மாதா கைகாட்டி நிறுத்திவிட்டாள் என்று செப்டம்பர் திருவிழாவில் வருஷம் தவறாமல் பிரசங்கம் கேட்கிறோம். வானத்திலிருந்து கொட்டிய சாம்பலை மட்டும் அவள் ஏன் நிறுத்தவில்லை என்று யாரும் கேட்பதில்லை. நிக்காசியா கேட்பாள். "மாதா புத்திசாலி. எது வேணும் எது வேண்டாம்னு அவளுக்குத் தெரியும். நம்ம ஆம்பளைங்களுக்குத்தான் நூறு வருஷம் ஆச்சு, அது தெரிய" என்பாள்.

விஷயம் அதுதான். அந்தச் சாம்பல் அடுப்புச் சாம்பல் போலப் பறக்கிற மாவு அல்ல. கடுகு போல, மிளகு போலக் கரகரவென்று கறுப்பாக இருக்கும். அதை மண்ணின் மேல் ஒரு விரல் உயரத்துக்குப் பரப்பிவிட்டால் ராத்திரிப் பனியைக் குடித்துக் கீழே அனுப்பும், பகல் வெயிலைக் கீழே விடாது. சாம்பல் மூடிய நிலத்தில் வெங்காயம் வரும், தர்பூசணி வரும், திராட்சை வரும். மூடாத நிலத்தில் கல் வரும். ஒரே ஒரு நிபந்தனை உண்டு: மண்ணும் சாம்பலும் கலக்கவே கூடாது. கலந்தால் சாம்பல் செத்துவிடும். களை முளைக்கும், ஈரம் ஓடிவிடும். அதனால் எங்கள் ஊரில் பிள்ளைகள் கோவிலில் ஓடினால் அதட்டுவோம், சாம்பல் நிலத்தில் ஓடினால் முதுகில் வைப்போம்.

நிக்காசியாவுக்கு மார்சியாலைக் கட்டிவைத்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அவனுக்கு இரண்டு அறை வீடும் ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலமும் சொத்து. நிலம் என்றால் சிவந்த வெறும் கட்டாந்தரை. அடுத்த ஊர் வரை சாம்பலைக் கொட்டிய மலைக்கு இந்த ஒரு ஏக்கரின் மேல் என்ன கோபமோ, ஒரு பிடி விழவில்லை. அங்கே மேயப் போன ஆடுகள் கூச்சப்பட்டுத் திரும்பி வந்தன என்று ஊரில் கேலி பேசுவார்கள். இரண்டு வருஷம் அதைச் சுரண்டிப் பார்த்துவிட்டு மார்சியால் வெனிசுலாவுக்குக் கப்பல் ஏறினான். அப்போது ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த மண்ணுல துப்புனாகூட ஈரம் நிக்காது, நிக்காசியா. ஆறே மாசம். காரகாஸ்ல ஒரு இடம் பார்த்துட்டு உன்னையக் கூப்புட்டுக்கிறேன்."

"ஆறு மாசம்னா எந்த வருஷத்து ஆறு மாசம்?"

"உனக்கு எப்பப் பாரு நக்கல்தான்."

முதல் வருஷம் ஒரு கடிதம் வந்தது. இரண்டாம் வருஷம் ஒரு போட்டோ வந்தது. ஒரு பெரிய கார் மேல் கையை ஊன்றி நின்றான். காருக்குள் உட்கார்ந்திருந்தவர் வேறு யாரோ. மூன்றாம் வருஷத்திலிருந்து தபால்காரன் அவள் வீட்டு வாசலைக் கடக்கும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கத் தொடங்கினான்.

ஊருக்கு அவளை என்ன செய்வதென்று தெரியவில்லை. செத்தான் என்று செய்தி வரவில்லை, கறுப்பு உடுத்த முடியாது. இருக்கிறான் என்றும் செய்தி இல்லை, திருவிழாவில் ஆட முடியாது. கோவிலில் புருஷன் உள்ளவர்களுக்கு ஒரு பக்கம், கைம்பெண்களுக்கு ஒரு பக்கம். அவள் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் பக்கத்தில் இருப்பவள் பாவாடையைச் சற்று இழுத்துக்கொள்வாள். கொஞ்ச நாள் பார்த்தாள், பிறகு வாசலருகே தீர்த்தத் தொட்டி பக்கம் நின்றபடியே பூசை பார்க்கத் தொடங்கினாள். நிற்கப் பழகிவிட்டால் கால் வலிக்காது என்று சொல்வாள், ஆனால் வலித்தது.

அந்த மூன்றாம் குளிர்காலத்தில்தான் பக்கத்து வீட்டு ஒலாயாவின் அண்ணனிடம் போய் ஒட்டகத்தைக் கேட்டாள். சீமாட்டி என்று பெயர் அதற்கு. யாரைப் பார்த்தாலும் மூக்கைத் தூக்கிக்கொள்ளும்.

"எதுக்குடி ஒட்டகம்? வெனிசுலாவுக்கா?" என்றாள் ஒலாயா.

"மலைக்கு. சாம்பல் அள்ளப் போறேன்."

"ஒரு ஏக்கருக்கா? ஏண்டி, உனக்குப் பைத்தியம் கியித்தியம் புடிச்சிருக்கா?"

"புடிச்சா என்ன, தனியாத்தானே இருக்கேன். யாரைக் கடிக்கப் போறேன்?"

மலைச்சரிவில் சாம்பல் குழி இருந்தது. யாரும் காவல் இல்லை, அள்ளுகிறவனுடையது. விடிந்ததும் போவாள். ஒட்டகத்தின் இரண்டு பக்கக் கூடைகளையும் மண்வெட்டியால் நிரப்புவாள். இறங்கி வந்து கொட்டுவாள், திரும்பப் போவாள். ஒரு நாளைக்கு ஐந்து நடை. அதற்கு முன்னால் மண்ணைச் சமன்செய்து ஆட்டுப் புழுக்கையைப் பரப்பியாக வேண்டும், அதையும் அவளே செய்தாள். ஒருநாள் மார்சியாலின் அந்த ஒரே கடிதத்தைச் சேணத்தில் சொருகி வைத்திருந்தாள். சீமாட்டி கழுத்தை வளைத்து அதை எடுத்துத் தின்றுவிட்டது. ஒலாயா பதறிப்போய் ஒட்டகத்தின் வாயைத் திறக்கப் பார்த்தாள்.

"விடு, ஒலாயா. அவனுக்குப் பெண்டாட்டியா நான் சுமந்ததவிட இது அதிகமாச் சுமக்குது. படிச்சுக்கட்டும்."

மூன்று குளிர்காலம் ஆயிற்று. மூன்றாவதன் முடிவில் சிவப்பு மறைந்து முழுக்கக் கறுப்பானது. அடுத்த மே மாதம் அந்த நிலத்திலிருந்து வந்த வெங்காயத்தைப் பார்த்துத்தான் ஊர் அவளுக்கு மறுபடி வணக்கம் சொல்ல ஆரம்பித்தது.

அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு சட்டம். நிலத்தைச் சுற்றிய கல்வேலியில் ஒரு வழி உண்டு. அங்கே செருப்பைக் கழற்றாமல் யாரும் உள்ளே வரக் கூடாது, செருப்பில் மண் ஒட்டியிருக்கும். வீட்டு வாசலில் கால் கழுவாமல் யாரும் உள்ளே வரக் கூடாது, காலில் சாம்பல் ஒட்டியிருக்கும். கழுவக் கொடுப்பது அரைக் குவளைத் தண்ணீர்தான், எங்கள் ஊரில் தண்ணீருக்கு அவ்வளவு மரியாதை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் ஒரு தூறலும் விழவில்லை. பங்குச் சாமியார் நிலம் நிலமாகப் போய் மந்திரித்துக்கொண்டு வந்தார். நிக்காசியா வழியை மறித்து நின்றாள்.

"சாமி, செருப்பைக் கழட்டிடுங்க."

"நான் ஆசீர்வதிக்க வந்திருக்கேம்மா."

"ஆசீர்வாதம் உங்க கையிலதானே இருக்கு சாமி? காலுல இல்லையே."

சாமியார் கழற்றினார். காலுறையில் ஓட்டை, கட்டைவிரல் ஊரைப் பார்த்தது. பாடிக்கொண்டு வந்த கூட்டம் பாட்டை மறந்தது. மறுநாள் நிக்காசியா இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை பின்னிக் கோவிலுக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் அவள் நிலத்துச் செருப்புச் சட்டத்தை எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்? எண்பத்தொன்றாம் வயதில் அவள் செத்தபோது, பெட்டியைத் தூக்கிப் போனவர்கள்கூட அந்தக் கல்வேலியைக் கடக்கும்போது தங்கள் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

எழுபத்திரண்டு பிப்ரவரியில் மார்சியால் வந்தான். பதினெட்டு வருஷம். பஸ்ஸிலிருந்து வெள்ளைக் கோட்டு இறங்கியது, பிறகு தொப்பை இறங்கியது, கடைசியில்தான் அவன் இறங்கினான். ஒரு தங்கப்பல். பழுப்பும் வெள்ளையுமாக இரட்டை நிறச் சப்பாத்து. கூடவே அர்ரெசிஃபே நகரத்து வியாபாரி டான் எவெலியோ, நிலம் வாங்குகிறவர். முதலில் பெண்டாட்டியைப் பார்க்கப் போகவில்லை, நேரே நிலத்துக்குப் போனான்.

காலையில் தூறியிருந்தது. பாதையெல்லாம் செஞ்சேறு. நிக்காசியா வெங்காயப் பாத்தியில் குந்தியிருந்தாள். தாள் பச்சையாக ஒரு சாண் வளர்ந்திருந்தது. கல்வேலி வழியில் டான் எவெலியோ நின்றுவிட்டார், அவரும் தீவுக்காரர்தானே. மார்சியால் நிற்கவில்லை. சப்பாத்தோடு உள்ளே வந்தான். கறுப்பின் மேல் சிவப்பாக ஒவ்வொரு அடியும் பதிந்தது. கையை விரித்துக் காட்டிக்கொண்டே நடந்தான்.

"பார்த்தீங்களா டான் எவெலியோ? பொன்னு விளையிற பூமி. எங்க அப்பா வச்சிட்டுப் போனது."

பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு புருஷனைப் பார்த்த நிக்காசியாவுக்கு முதலில் கண்ணில் பட்டது அவன் முகம் அல்ல, அந்தச் சிவப்பு அடிகள். நெஞ்சை யாரோ மிதித்த மாதிரி இருந்தது அவளுக்கு. முதல் அடியிடம் போய்க் குனிந்து, சேறு பட்ட சாம்பலை விரலால் வழித்துப் பாவாடை மடியில் போட்டுக்கொண்டாள். அப்புறம் இரண்டாவது அடி. அவன் பேசிக்கொண்டே முன்னால் நடக்க, அவள் வழித்துக்கொண்டே பின்னால் போனாள். முப்பத்தோரு அடி. வேலியோரம் நின்ற ஒலாயா, "அறைஞ்சிருந்தாக்கூட இப்படி இருந்திருக்காது" என்று பிறகு என் அம்மாவிடம் சொன்னாள்.

"என்ன நிக்காசியா, பேச மாட்டியா?" என்றான் மார்சியால். "இதை வித்துட்டு நகரத்துல ஒரு கடை வைக்கலாம்னு இருக்கேன். உனக்கும் ஒரு மூலை இருக்கும்."

"இது நான் ஆக்கின நிலம்."

"பத்திரம் என் பேருல இருக்கு. நாளன்னைக்குக் கையெழுத்து."

அவன் சொன்னது பொய்யில்லை. அந்தக் காலத்துச் சட்டத்தில் புருஷன் கையெழுத்து இல்லாமல் பெண்டாட்டி எதையும் விற்கவோ வாங்கவோ முடியாது. புருஷனுக்கு அவள் கையெழுத்து வேண்டாம். நிக்காசியாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும் என்றாலும் அது தெரியும். மறுநாள் பூராவும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தாள். மார்சியால் தன் தங்கை வீட்டில் தங்கி, வந்தவர்களிடமெல்லாம் காரகாஸின் கட்டடங்களைப் பற்றி அளந்துகொண்டிருந்தான்.

சாயங்காலம் ஒலாயா வந்து பார்த்தபோது நிக்காசியா பழைய கூடைகளை எடுத்து வைத்துக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"அவன் பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு ஞாபகம் இருக்கா உனக்கு? கல்யாணத்தப்ப எங்க அப்பா சத்தமாப் படிக்கச் சொல்லிக் கேட்டாரே."

"'சிவந்த மானாவாரிக் கட்டாந்தரை, ஒரு பக்கம் பாதை'. உங்க அப்பா மூஞ்சி தொங்கிப்போச்சு."

"அதான். நிலம் அவனோடது. எடுத்துக்கட்டும். சாம்பல் என்னோடது. நான் எடுத்துக்கிறேன்."

ஒலாயா வீட்டுக்கு ஓடி அண்ணனை எழுப்பினாள், சாயங்காலத் தூக்கத்திலிருந்து.

விடிந்தபோது கல்வேலி ஓரம் பதினோரு ஜோடிச் செருப்பு கிடந்தது. பெண்கள் எல்லாம் கூடையோடு வந்திருந்தார்கள். சீமாட்டி செத்துப் பல வருஷம், அதன் மகள் வந்திருந்தது. அதே மூக்கு. பாதையோர மூலையிலிருந்து ஆரம்பித்தார்கள். முதலில் வெங்காயத்தைப் பிடுங்க வேண்டும், சாம்பல் போனால் அது எப்படியும் சாகும். இன்னும் மூன்று மாதம் நிற்க வேண்டிய பயிர். அடியில் விரல் தடிமன்கூட இல்லை. முதல் வெங்காயத்தை நிக்காசியாவே பிடுங்கினாள். அழுதாள், மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்ததைப் பிடுங்கினாள்.

"வெங்காயம்னா கண்ணு எரியத்தான் செய்யும்" என்றாள் ஒலாயா, யாரும் எதுவும் கேட்காமலே.

பதினோரு மணிக்கு டான் எவெலியோவின் கார் வந்தது. மார்சியால் முன்னால் இறங்கினான். இருபது அடிக்கு இருபது அடி, பட்டப்பகலில் உரித்த ஆடு போல நிலம் சிவப்பாகக் கிடந்தது.

"அடியே! என்ன பண்றே? என் நிலத்தை நாசம் பண்றியா?"

"உன் நிலத்தை நான் தொடவே இல்லையே. இதோ, இந்தா இருக்கு பாரு, சிவப்பா. நீ விட்டுட்டுப் போனது அப்படியே இருக்கு. மேல இருந்த தூசியத்தான் கூட்டி எடுக்கிறேன். பொம்பளை வேலை."

"டான் எவெலியோ, இவளுக்குக் கிறுக்கு."

டான் எவெலியோ பத்திரத்தைக் கேட்டு வாங்கினார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு வழியருகே வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கோட்டும் தொப்பியுமாக வெறுங்காலோடு உள்ளே வந்தார். சாம்பலில் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தார்.

"இதை யாரும்மா போட்டது?"

"நான். ஒரு ஒட்டகம். மூணு குளிர்காலம்."

"எங்கிருந்து?"

"மலையிலேர்ந்து. வேணும்னா மலைகிட்டப் போய்க் கேளுங்க, யாரு அள்ளிட்டுப் போனான்னு."

"மறுபடி போட ஆளுக்கும் லாரிக்கும் எவ்வளவு ஆகும் தெரியுமா?" என்று அவர் மார்சியாலிடம் கேட்டார். "எனக்குத் தெரியும். நிலத்து விலையைவிட அதிகம். பத்திரத்துல சாம்பல் இல்லையே, மார்சியால். நான் கட்டாந்தரை வாங்க வரலை." தொப்பியை நிக்காசியாவுக்குத் தூக்கிக் காட்டிவிட்டு, சப்பாத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு காருக்குப் போனார்.

கார் போன திசையைப் பார்த்தபடி மார்சியால் வேலிக்கல் மேல் உட்கார்ந்தான். பெண்கள் விறகு மூட்டிப் பிஞ்சு வெங்காயத்தைத் தாளோடு சுட ஆரம்பித்திருந்தார்கள். வறுத்த தானியத்தை அரைத்த கோஃபியோ மாவு பிசைந்து, கருவாடும் கிழித்து வைத்திருந்தார்கள். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கடைசியில் நிக்காசியாதான் ஒரு வெங்காயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"கடை வைக்கக் கையில எவ்வளவு இருக்கு?"

அவன் வெங்காயத்தை ஊதினான். "ஒண்ணுமில்ல."

"கோட்டு?"

"முதலாளியோடது. பழசுன்னு கொடுத்தாரு."

"போட்டோவுல இருந்த கார்?"

"அதுவும் அவரோடதுதான். நான் கழுவுவேன்." வெங்காயத்தின் கருகிய தோலை உரித்தான். "எழுதியிருக்கணும். என்னன்னு எழுத? கார் கழுவுறேன்னா?"

"கழுவுறேன்னு எழுதியிருந்தா வந்திருப்பேனே. ரெண்டு பேருமாக் கழுவியிருக்கலாம்."

அவளுக்கு அப்போதுதான் உண்மையாகவே கோபம் வந்தது. முப்பத்தோரு அடிக்கு வந்ததைவிட அதிகமாக வந்தது. பொய்க்காக இல்லை, இவ்வளவு அற்பமான காரணத்துக்காகவா பதினெட்டு வருஷம் தீர்த்தத் தொட்டி பக்கத்தில் நின்றோம் என்று.

"இங்கயே இருந்துக்கட்டுமா?" என்றான் அவன்.

அவள் ஒரு பிடி சாம்பலை அள்ளி அவன் உள்ளங்கையில் கொட்டினாள். "நல்லாப் பாரு. கறுப்புக்குள்ள பழுப்பா ஓடுது பார்த்தியா? காத்து கொண்டாந்த மண்ணு. போட்டுப் பதினஞ்சு வருஷம் ஆச்சுல்ல, கிழடாயிடுச்சு. பனி முன்ன மாதிரி நிக்க மாட்டேங்குது. அள்ளிச் சலிச்சுட்டு மேல புதுசு போடணும். முதல் தடவை நான் போட்டேன். இந்தத் தடவை நீ."

"லாரி ஒண்ணு புடிச்சா..."

"நான் லாரியிலயா கொண்டாந்தேன்?"

மறுநாள் காலை மார்சியால் இரட்டை நிறச் சப்பாத்தை வேலி ஓரம் கழற்றி வைத்துவிட்டு, சீமாட்டியின் மகளோடு மலைக்குப் போனான். ஊரே பாதையோரம் வந்து நின்று பார்த்தது. மூன்று நாள் தாங்க மாட்டான் என்றார்கள் ஆண்கள். பெண்கள் ஒரு வாரம் கொடுத்தார்கள். மூன்று குளிர்காலமும் அவன் சுமந்து முடித்தான், அது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது அந்த முதல் நாள் சாயங்காலத்தை.

ஐந்து நடை போக வேண்டியவன் இரண்டு நடை போய்விட்டு வந்திருந்தான். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. தலைமுடி, காது, தங்கப்பல் எல்லாம் கறுப்பு. வெறுங்காலோடு வீட்டு வாசலுக்கு வந்தான். நிக்காசியா நிலைப்படியில் கையை நீட்டி மறித்தாள்.

"காலைக் கழுவாம உள்ள வராதே."

"தண்ணி?"

"இன்னும் இறைக்கல."

அவன் நிலைப்படிக்கு வெளியே, பாதைக்கும் வீட்டுக்கும் நடுவில், ஒரு காலை மறுகாலால் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"நிலத்துக்குப் போனா செருப்பைக் கழட்டுங்கிற. வீட்டுக்கு வந்தா காலைக் கழுவுங்கிற. அப்ப நான் எங்கதான் நிக்கிறது, நிக்காசியா?"

"அங்கயே நில்லு" என்றாள். "உள்ளயும் இல்லாம வெளியவும் இல்லாம, பதினெட்டு வருஷம் நான் அங்கதான் நின்னேன்."

அவன் நின்றான். அவள் உள்ளே போய் அடுப்பை மூட்டினாள், உருளைக்கிழங்கை வேகப் போட்டாள், கோழிகளை அடைத்தாள். திரும்பி வந்து பார்த்தபோதும் அவன் நகராமல் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். அரைக் குவளைத் தண்ணீரை நீட்டினாள்.